பழைய மசில் காருக்கு மைலேஜ் கூட்டுவது: எதில் தொடங்கி எதில் நிறுத்துவது

என் 1969 செவெல், ஷெவர்லே கம்பெனியின் மசில் கார்; பெரிய வி-8 இன்ஜின் போட்ட அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களுக்குத்தான் அந்தப் பெயர். அதில் பெட்ரோல் ஊற்றும் வாய் பின்பக்க நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பிளேட்டைக் கீழே மடக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து ஊற்ற வேண்டும். வாய் தாழ்வாக இருப்பதால் பம்பை முழு வேகத்தில் விட்டால் நுரைத்துக்கொண்டு செருப்பின் மேல் துப்பும். வாங்கிய முதல் வருடம் இந்தக் குனியும் வேலை எனக்கு அதிகமாகவே இருந்தது. கேலனுக்கு 11 மைல். நம்மூர்க் கணக்கில் லிட்டருக்கு 4.7 கிலோமீட்டர்.

போன மாதம் டெட்ராய்ட் பக்கம் புதிதாக வேலைக்கு வந்த தம்பி ஒருவன் பழைய மஸ்டாங் ஒன்றை வாங்கிவிட்டுக் கூப்பிட்டான்.

"அண்ணே, ஒன்பது மைல்தாண்ணே குடுக்குது. கார்பரேட்டரைத் தூக்கிப் போட்டுட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டிடலாமா?"

"மாட்டலாம்டா. அதுக்கு முன்னாடி ஜாக்கி போட்டு நாலு வீலும் சுத்துதான்னு பாரு."

மறுமுனையில் பேச்சே இல்லை. அவன் எதிர்பார்த்தது ஏதோ பாகத்தின் பெயரை. (கார்பரேட்டர் காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்; இன்ஜெக்‌ஷன் அதே வேலையைப் பெட்ரோலைப் பீய்ச்சிச் செய்யும் புதுமுறை.) அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வருடத்துக்கு 2,000 மைல் ஓட்டுகிறீர்கள், பெட்ரோல் கேலன் 4 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 11 மைல் கொடுத்த கார் 15 கொடுக்க ஆரம்பித்தால் வருடத்துக்கு மிச்சமாவது 49 கேலன் அளவில், அதாவது 200 டாலருக்கும் கொஞ்சம் கீழே. இந்த 200 டாலருக்காக 3,000 டாலருக்கு உதிரிபாகம் வாங்கினால் போட்ட பணத்தை எடுக்கப் பதினைந்து வருடம் ஆகும். அதனால் செலவில்லாத வேலை முதலில், சில்லறைச் செலவு அடுத்து, பெரிய செலவு கடைசியில். இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இந்தக் கார்கள் மைலேஜுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. 1964-இல் போன்டியாக் ஜிடிஓ 389 கன அங்குல, அதாவது 6.4 லிட்டர், வி-8 இன்ஜினோடு வந்தபோது வாங்கியவர்கள் கேட்டது குதிரைத்திறனை. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தி, 1974 ஜனவரியில் நாடு முழுக்க 55 மைல் வேகக் கட்டுப்பாடு சட்டமான பிறகுதான் மைலேஜ் பேச்சே பெரிதாக எழுந்தது. ஆனாலும் அந்தக் காலத்துப் பொறியாளர்கள் ஊதாரிகள் இல்லை. நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது பெட்ரோலை மிச்சம் பிடிக்கும் ஏற்பாடுகளை அவர்கள் வைத்துத்தான் அனுப்பினார்கள். பின்னால் வந்த உரிமையாளர்கள் 'ரேஸ் காரில் இப்படித்தான்' என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்கள். பிடுங்கியதைத் திரும்ப மாட்டுவதுதான் பாதி வேலை.

1. முதலில் உண்மையான எண்

பெட்ரோல் முள்ளைப் பார்த்து மைலேஜ் சொல்லாதீர்கள். அந்த முள்ளுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்பு, கார் ஒரே திசையில் நிற்க வேண்டும். மெதுவாக ஊற்றி, முதல் முறை 'டக்' என்று நின்றதும் நிறுத்துங்கள். ஓட்டிய மைலை, அடுத்த முறை நிரப்பும்போது பில்லில் வரும் கேலனால் வகுங்கள். இப்படி மூன்று டேங்க். ஒரு டேங்க் கணக்கு வைத்து முடிவெடுத்தால் காற்று வீசிய திசைகூட உங்களை ஏமாற்றிவிடும்.

இன்னொரு பொய்யன் ஓடோமீட்டர். டயர் அளவோ பின் அச்சின் கியரோ மாறியிருந்தால் அது தப்பாகத்தான் எண்ணும். போனில் ஜிபிஎஸ் போட்டு 20 மைல் ஓட்டிப் பாருங்கள். என் கார் 22 மைல் காட்டியது. முந்தைய உரிமையாளர் பிக்கப்புக்காகப் பின் கியரை 3.73 ஆக்கியவர், ஸ்பீடோமீட்டரின் சின்னப் பல்சக்கரத்தை மாற்ற மறந்துவிட்டார். 12 மைல் என்று நான் நம்பியிருந்தது 11 ஆனது அப்படித்தான்.

எண் சின்னதாக இருக்கிறதே என்று சோர்ந்துபோக வேண்டாம். 20 மைல் கொடுக்கும் கார் 24 ஆனால் 100 மைலுக்கு மிச்சமாவது 0.8 கேலன். 10 கொடுக்கும் கார் 12 ஆனால் 1.7 கேலன். அதிகம் குடிக்கும் காரில் சின்னத் திருத்தம்கூடப் பெரிய மிச்சம்.

2. கார் தடையில்லாமல் உருளுகிறதா?

தம்பிக்குச் சொன்ன ஜாக்கி வேலை இது. சமதளத்தில் நிறுத்தி, கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு மேல் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள். இந்தக் கார்கள் ஒன்றரை டன்னுக்கு மேல். கியரை நியூட்ரலில் போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். முன் சக்கரம் தள்ளிவிட்டால் தானே இரண்டு சுற்றாவது போக வேண்டும். பின் சக்கரம் டிஃபரன்ஷியலையும் சேர்த்து இழுப்பதால் கொஞ்சம் கனக்கும். டிரம் பிரேக்கில் லேசாக உரசும் சத்தம் வந்தால் குற்றமில்லை. தள்ளியதும் அங்கேயே நின்றுவிட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிரேக் பிடித்தபடி இருக்கும் சக்கரத்தில் பிளீடர் திருகை (பிரேக் ஆயிலை வெளியே விடும் திருகு) திறந்து பாருங்கள். கொஞ்சம் ஆயில் பீய்ச்சி, சக்கரம் உடனே இளகினால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்தது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் ரப்பர் ஹோஸ். வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே ஊதிப்போய், மிதிக்கும்போது ஆயிலை அனுப்பிவிட்டு, விடும்போது திரும்ப விடாது. தம்பியின் மஸ்டாங்கில் வலது முன் சக்கரம் இப்படித்தான் இருந்தது. பிளீடரைத் திறந்தும் இளகவில்லை என்றால் துருப்பிடித்த ஹேண்ட்பிரேக் கேபிளையும், இறுக்கமாகச் சரிசெய்த லைனிங்கையும் பாருங்கள். பனிக்கு உப்பு தூவும் மிச்சிகன் மாதிரி ஊர்களில் கேபிள் துருப்பிடிப்பது சர்வசாதாரணம்.

டயர் விஷயத்தில் ஒன்றுதான் சொல்ல வேண்டும். காரில் ஒட்டியிருக்கும் பழைய ஸ்டிக்கரில் 24, 26 என்று காற்றழுத்தம் போட்டிருக்கும். அது அந்தக் காலத்து பயஸ்-பிளை டயருக்கும் மெத்தென்ற சவாரிக்கும் சொன்னது. இப்போது நீங்கள் போட்டிருப்பது அநேகமாக ரேடியல். நான் குளிர்ந்த டயரில் 32 முதல் 35 வைக்கிறேன். டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அங்கேயே நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும்: 3512 என்றால் 2012-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அப்படிப்பட்ட டயரில் 70 மைல் வேகம் போகாதீர்கள். அது மைலேஜ் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை.

3. இன்ஜினுக்கு நாடி பார்ப்பது

ஒரு வேக்குவம் கேஜ் வாங்குங்கள். இன்ஜின் காற்றை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று காட்டும் மீட்டர் அது. விலை மலிவு, பழைய இன்ஜின்காரருக்கு இதைவிட உதவும் கருவி வேறில்லை. இன்டேக் மேனிஃபோல்டில் (கார்பரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாய்) மாட்டி, இன்ஜின் சூடானதும் ஐடிலிங்கில், அதாவது கார் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும்போது, பாருங்கள். கம்பெனி கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) உள்ள நல்ல இன்ஜினில் முள் 17 முதல் 21 அங்குலத்தில் (பாதரசக் கணக்கு) அசையாமல் நிற்கும். தாளம் தப்பாமல் முள் விழுந்து விழுந்து எழுந்தால் ஏதோ ஒரு வால்வு சரியாக மூடவில்லை. மெதுவாக ஊஞ்சல் ஆடினால் மிக்சர், அதாவது காற்று-பெட்ரோல் கலவையில் கோளாறு. ஒரேயடியாகத் தாழ்ந்து நின்றால் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், எங்காவது காற்று கசியலாம். முந்தைய உரிமையாளர் ரேஸ் கேம் போட்டிருந்தால் 10, 12 அங்குலம்தான் வரும். அந்தக் காரில் மைலேஜ் ஆசையை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று கம்ப்ரெஷன் பாருங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று நெருங்கியிருப்பதுதான் முக்கியம். மிகக் குறைந்தது மிக அதிகமானதில் முக்கால் பங்குக்கும் கீழே போனால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு இன்ஜின் வேலை பாருங்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

4. தீப்பொறி: இங்கேதான் மைலேஜ் ஒளிந்திருக்கிறது

என் காரின் டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்பும் பாகம்) பக்கத்தில் வட்டமாக ஒரு தகர டப்பா இருக்கும். வேக்குவம் அட்வான்ஸ் என்பது அதுதான். அதற்கு வர வேண்டிய ரப்பர் குழாயின் வாயில் யாரோ ஒரு மர ஸ்க்ரூவைத் திருகி அடைத்து வைத்திருந்தார்கள். அந்த ஸ்க்ரூவை இன்னும் என் டூல் பெட்டியில் வைத்திருக்கிறேன். அத்தனை வருடம் அது எவ்வளவு பெட்ரோலைக் குடித்திருக்கும் என்று அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன்.

அந்த டப்பா எதற்கு? சிலிண்டருக்குள் பெட்ரோல் கலவை ஒரே கணத்தில் வெடித்துவிடுவதில்லை, எரிந்து பரவ நேரம் எடுக்கிறது. பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கியதும் அழுத்தம் உச்சத்தில் இருக்க வேண்டுமானால், பொறி அதற்கு முன்பே விழ வேண்டும். நெடுஞ்சாலையில் நிதானமாகப் போகும்போது ஆக்சிலரேட்டர் லேசாகத்தான் திறந்திருக்கிறது. சிலிண்டருக்குள் போவது கொஞ்சம் கலவை, அதுவும் நீர்த்த, அதாவது பெட்ரோல் குறைந்த கலவை. அது மெதுவாகத்தான் எரியும். அதனால் பொறி இன்னும் சீக்கிரம் விழ வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகளுக்கு இன்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று மட்டும்தான் தெரியும், எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று தெரியாது. வேக்குவத்துக்குத் தெரியும். பாரம் குறைந்தால் வேக்குவம் ஏறும், டப்பா பொறியை முன்னால் தள்ளும். அழுத்தி மிதித்தால் வேக்குவம் விழும், டப்பா ஒதுங்கிக்கொள்ளும். எப்போதும் முழுதாக மிதித்தே ஓட்டும் ரேஸ்காரருக்கு இது தேவையில்லை. அவரைப் பார்த்துக் கடைக்குப் போய்வரும் காரிலும் அடைத்துவிட்டார்கள்.

சரிசெய்யும் வரிசை இது. எண்கள் ஷெவர்லே ஸ்மால் பிளாக் இன்ஜினுக்கு. வேறு இன்ஜின் என்றால் அதன் ஷாப் மேனுவலைப் பாருங்கள்.

டைமிங் குறி உண்மை பேசுகிறதா என்று முதலில் சோதியுங்கள். கிராங்க் முனையில் இருக்கும் பேலன்சர் இரண்டு இரும்பு வளையங்களை நடுவில் ரப்பர் வைத்து ஒட்டியது. ரப்பர் கிழடாகி, குறி உள்ள வெளி வளையம் நகர்ந்துவிடும். பேட்டரி கம்பியைக் கழற்றுங்கள். முதல் சிலிண்டர் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பைத் திருகி, கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு பக்கம் முட்டும் வரை சுற்றி ஒரு கோடு போடுங்கள். மறுபக்கம் முட்டும் வரை சுற்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் உண்மையான உச்சி. என் காரில் குறி ஏறத்தாழ 8 டிகிரி நகர்ந்திருந்தது. மெக்கானிக் 10 என்று நம்பி வைத்தது 2. அவர்மேல் தப்பில்லை, குறிதான் பொய் சொல்லியிருக்கிறது.

பாயிண்ட் செட் (பொறிக்கான மின்சாரத்தை விட்டு விட்டுத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) இருந்தால் அதை அடுத்துப் பாருங்கள். ட்வெல், அதாவது பாயிண்ட் மூடியிருக்கும் அளவு, 28 முதல் 32 டிகிரிக்குள், 30 இருந்தால் நல்லது. பாயிண்டைத் தொட்டால் டைமிங்கும் மாறும் என்பதால் இதை முடித்துவிட்டுத்தான் டைமிங். பாயிண்டோடு மல்லுக்கட்ட மனமில்லை என்றால், ஜெனரல் மோட்டார்ஸ் 1975-இல் எல்லாக் காரிலும் வைத்த, பாயிண்ட் இல்லாத எலக்ட்ரானிக் எச்இஐ டிஸ்ட்ரிபியூட்டர் இதில் அப்படியே உட்காரும். பாயிண்டுக்குப் போன வயரில் மின்தடை இருக்கும். எச்இஐக்கு முழு 12 வோல்ட் வேண்டும், ஆகவே அந்த வயரை மாற்றியே ஆக வேண்டும். இதை விட்டுவிட்டு 'புது டிஸ்ட்ரிபியூட்டர் போட்டும் மிஸ்ஸிங் அடிக்கிறது' என்று புலம்புபவர்கள் ஏராளம். பிளக் இடைவெளியையும் 0.035 அங்குலத்திலிருந்து 0.045-க்குக் கொண்டுபோகலாம்.

இனி டைமிங் லைட்: பொறி விழும்போதெல்லாம் மின்னி, குறி எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று காட்டும் விளக்கு. வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜினை 3,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்குச் சுற்று) வரை ஏற்றுங்கள். எடைகள் முழுதாக விரிந்த நிலையில் 34 முதல் 36 டிகிரி வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரைத் திருகி அங்கே நிறுத்துங்கள். ஐடிலிங்கில் எத்தனை வருகிறது என்பது எடைகளைப் பொறுத்தது. அவை 24 டிகிரி கொடுத்தால் ஐடிலிங்கில் 12 இருக்கும். பிறகு குழாயை மாட்டுங்கள். டப்பா 10 முதல் 16 டிகிரி சேர்க்கும். சாலையில் நிதானமாகப் போகும்போது மொத்தம் பெரும்பாலும் 46 முதல் 50 வரை வரும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், பாரம் ஏறியதும் அது தானே குறையும்.

கடைசியாக ஒரு மேட்டில் ஓட்டிப் பாருங்கள். முழுதாக மிதிக்கும்போது நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிப்பதால் வரும் தட்டுச் சத்தம்) வந்தால் டிஸ்ட்ரிபியூட்டரை 2 டிகிரி பின்னால் தள்ளுங்கள். லேசாக மிதிக்கும்போது மட்டும் வந்தால் டப்பா அதிகம் தள்ளுகிறது; குறைவாகத் தள்ளும் டப்பாவாக மாற்றுங்கள். நாக்கிங்கைச் சட்டை செய்யாமல் ஓட்டினால் பிஸ்டன் போய்விடும்.

குழாயை மேனிஃபோல்டில் மாட்டுவதா, கார்பரேட்டரின் திராட்டில் தகட்டுக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் தகடு) மேலுள்ள துளையில் மாட்டுவதா என்று இங்கே இரண்டு கட்சிகள். கைகலப்பு மட்டும்தான் பாக்கி. நெடுஞ்சாலை வேகத்தில் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வேக்குவம்தான் என்பதால் மைலேஜைப் பொறுத்தவரை இந்தச் சண்டை வீண். மேனுவல் காட்டும் இடத்தில் மாட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள்.

இவ்வளவுக்கும் எனக்கு ஒரு சனிக்கிழமையும் சில்லறைச் செலவும் ஆனது. அடுத்த மூன்று டேங்கில் 13 மைல்.

5. சூடு, சோக், கார்பரேட்டர்

ரேஸ் பழக்கத்தில் பலர் 160 டிகிரி ஃபாரன்ஹீட் தெர்மோஸ்டாட் போட்டு வைத்திருப்பார்கள். சாலையில் ஓடும் இன்ஜினுக்கு 180-ஆவது வேண்டும், பல கார்களில் கம்பெனி போட்டது 195. குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது, ஆயிலில் கலக்கும். மூன்று போல்ட் வேலைகூட இல்லை, இரண்டு.

அம்பாசடர் ஓட்டிய நம்மூர்க்காரர்களுக்கு சோக் என்றால் கையால் இழுத்துவிட்டுத் தள்ள மறப்பது. இந்தக் கார்களில் சோக் ஆட்டோமேட்டிக், மறப்பதையும் அதுவே செய்துகொள்ளும். இன்ஜின் நன்றாகச் சூடானதும் ஏர் கிளீனரைக் கழற்றிப் பாருங்கள். கார்பரேட்டர் வாயில் இருக்கும் தகடு செங்குத்தாக, முழுதாகத் திறந்து நிற்க வேண்டும். பாதி சாய்ந்து நின்றால் நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு மைலும் சோக் போட்டு ஓட்டும் மைல். சுருள் ஸ்பிரிங்கையும் இணைப்புக் கம்பியையும் சுத்தம் செய்தாலே பல சமயம் சரியாகிவிடும்.

கார்பரேட்டர் அளவில் பெரும்பாலானோர் பேராசைப்பட்டிருப்பார்கள். 350 கன அங்குல இன்ஜின் 5,500 ஆர்பிஎம்மில் உறிஞ்சக்கூடிய காற்று நிமிடத்துக்குச் சுமார் 475 கன அடிதான். அதற்கு 600 கன அடி கார்பரேட்டர் தாராளம். அதன்மேல் 850 உட்கார்ந்திருந்தால் நிதான வேகத்தில் காற்று சோம்பலாகப் போய், பெட்ரோல் துளியாகவே விழும். 1965-இல் வந்த ராச்செஸ்டர் குவாட்ராஜெட் இதற்கு விதிவிலக்கு போலத் தெரியும், அது 750. ஆனால் அதன் முன்னிரண்டு வாய்கள் மிகச் சின்னவை, பின்னிரண்டும் மிகப் பெரியவை. பின்வாய் இன்ஜின் கேட்டால்தான் திறக்கும். சாதாரண ஓட்டத்துக்கு அந்தச் சின்ன வாய்களே போதும். இங்கே பலர் அதைக் கேலி செய்து கழற்றிப் போட்டார்கள். உங்கள் காரோடு அது ஒரு பெட்டியில் போட்டுக் கிடைத்திருந்தால் தூக்கிப் போடாதீர்கள். ரிப்பேர் கிட் வாங்கிப் பிரித்துச் சுத்தம் செய்யும்போது அடியில் இருக்கும் அடைப்பான்களைப் பாருங்கள். வயதானவற்றில் அவை கசிந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கிண்ணத்துப் பெட்ரோல் கீழே வடிந்துவிடும்; காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கும். எபாக்சி பூசி அடைக்கலாம்.

ஐடிலிங் மிக்சர் வைப்பதற்கு அதே வேக்குவம் கேஜ் போதும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். ஒரு பக்கத் திருகை உள்ளே திருகிக்கொண்டே போனால் ஓரிடத்தில் முள் விழும். அங்கிருந்து கால் கால் சுற்றாக வெளியே எடுத்து, முள் உச்சிக்கு வந்ததும் நிறுத்துங்கள். மறுபக்கமும் இதேபோல். பிறகு இரண்டையும் அரைக்கால் சுற்று உள்ளே. ஸ்லோ ஸ்பீடு ஏறியிருந்தால் இறக்கிவிட்டு இன்னொரு தடவை செய்யுங்கள்.

ஜெட் (பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் துளைத் திருகு) மாற்றும் அளவுக்குப் போவதானால் எக்சாஸ்டில் வைடுபேண்டு சென்சார் மாட்டிக்கொண்டு போங்கள். ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று என்று அது காட்டும். பிளக் நிறம் பார்த்து ஜெட் போட்ட காலம் ஈயம் கலந்த பெட்ரோலோடு போய்விட்டது. நிதான ஓட்டத்தில் மீட்டரில் 14.5 முதல் 15.5 வரை இருக்கலாம். முழுதாக மிதிக்கும்போது 13-க்கு மேல் போக விடாதீர்கள். இன்னும் நீர்க்கவைத்தால் மிச்சமாகும் என்று ஆசைப்பட்டால் கார் சீராகப் போகாமல் விட்டு விட்டு இழுக்கும். அதைச் சமாளிக்க நீங்கள் அதிகமாக மிதிப்பீர்கள், மிச்சம் பிடித்தது அதிலேயே போகும்.

தம்பி கேட்ட இன்ஜெக்‌ஷன்? பனிக்காலக் காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆவதற்காக வாங்குங்கள், தப்பில்லை. ஒழுங்காக டியூன் செய்த கார்பரேட்டரோடு ஒப்பிட்டால் நெடுஞ்சாலை மைலேஜில் பெரிய வித்தியாசம் எதிர்பார்க்காதீர்கள். பலர் சொல்லும் பிரமாத முன்னேற்றம், முன்பிருந்த கார்பரேட்டர் எவ்வளவு மோசமாக இருந்தது என்பதற்கான சாட்சி.

6. பெட்ரோலும் ஆயிலும்

இப்போது பங்கில் கிடைப்பது பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலில் சக்தி குறைவு என்பதால் மைலேஜில் 3 சதவீதம் அங்கேயே போய்விடும். கலக்காத பெட்ரோல் விலை அதிகம். அந்த 3 சதவீதத்துக்காக வாங்குவது கணக்குக்கு வராது. ஆனால் பழைய ரப்பர் பெட்ரோல் குழாயை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். புதிய தரக் குழாயாக மாற்றிவிடுங்கள், சூடான இன்ஜின் மேல் கசிவது விளையாட்டில்லை.

1970 வரையிலான பல இன்ஜின்களில் கம்ப்ரெஷன் விகிதம் 10-க்கு மேல். அவற்றுக்கு 91 அல்லது 93 ஆக்டேன் ஊற்றுங்கள். 87 ஊற்றி, நாக்கிங்குக்குப் பயந்து டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால் நான்காம் பகுதியில் சம்பாதித்ததைத் தொலைப்பீர்கள். 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்ப்ரெஷனைக் குறைத்துவிட்டது, அந்தக் கார்களுக்கு 87 போதும்.

ஆயிலை நீர்த்துப்போட்டு மைலேஜ் பார்க்கும் புதுக் கார் வித்தையை இங்கே காட்ட வேண்டாம். பழைய கேம்ஷாஃப்டுக்கு துத்தநாகச் சேர்மம் அதிகமுள்ள ஆயில்தான் பாதுகாப்பு.

காந்தம், சுழல்காற்றுத் தகடு, பெட்ரோலில் போடும் மாத்திரை என்று விற்பவற்றுக்கு ஒரு வரி போதும்: அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவற்றைச் சோதித்துப் பார்த்தது, பயன் தந்தவை வெகு சில.

7. வலது கால்

அதே வேக்குவம் கேஜை நீளக் குழாய் போட்டு டாஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள். முள்ளை 10-க்கு மேலேயே வைத்து ஓட்டப் பழகினால் கார்பரேட்டரின் கூடுதல் பெட்ரோல் வழிகள் திறக்காது. ஒரு வாரத்தில் கால் தானே கற்றுக்கொள்ளும். பின்வாய் திறக்கும் அந்த உறுமலைக் கேட்காமல் இருக்க முடியாது என்பதும் உண்மைதான். ஆகஸ்டில் டெட்ராய்ட் பக்கம் பழைய கார்கள் அணிவகுக்கும் வுட்வர்ட் அவென்யூ டிரீம் குரூஸ் நாளில் நான் மைலேஜ் பார்ப்பதில்லை.

வேகம் இன்னும் பெரிய செலவாளி. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 55 மைலில் போவதைவிட 75-இல் போனால் ஒவ்வொரு மைலுக்கும் காற்றைத் தள்ளும் வேலை 86 சதவீதம் கூடுதல். இந்தக் கார்களின் உருவமோ செங்கல். டாட்ஜ் சார்ஜரின் உள்வாங்கிய கிரில்லும் குகை போன்ற பின்கண்ணாடியும் காற்றைச் சிக்கவைத்ததால், ரேஸுக்காக 1969-இல் இரண்டையும் சமதளமாக்கி சார்ஜர் 500 செய்தார்கள். அதுவும் போதாமல் கூர்மூக்கும் உயர இறக்கையும் வைத்து டேடோனா வந்தது. 1970 மார்ச்சில் டல்லடேகாவில் பட்டி பேக்கர் மணிக்கு 200 மைலைத் தாண்டியது அதில்தான். நம் காருக்கு மூக்கு மாட்ட முடியாது, 75-ஐ 65 ஆக்கலாம்.

பிரேக், டயர், கார்பரேட்டர், கால் எல்லாம் சேர்ந்து என் காரை 15-க்குக் கொண்டுவந்தன. இங்கேயே நின்றுவிட்டால் தப்பே இல்லை.

8. ஓவர்டிரைவ், மனசு கேட்டால் மட்டும்

அந்தக் காலத்து மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கில் கடைசிக் கியர் ஒன்றுக்கு ஒன்று. அதைவிட இன்ஜினைக் குறைவாகச் சுற்றவிடும் கியர்தான் ஓவர்டிரைவ். 70 மைல் வேகத்தில் இன்ஜின் எவ்வளவு சுற்றும் என்று நீங்களே கணக்குப் போடலாம்: வேகத்தைப் பின் கியரால் பெருக்கி, 336-ஆல் பெருக்கி, டயரின் விட்டத்தால் (அங்குலத்தில்) வகுங்கள். எனக்கு 3.73 கியர், 26 அங்குல டயர். விடை 3,374 ஆர்பிஎம். கன்வெர்ட்டர் (இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் பெட்டியையும் எண்ணெய் வழியாக இணைப்பது) வழுக்கலைச் சேர்த்தால் இன்னும் மேலே. இரண்டு மணி நேரம் அந்த இரைச்சலில் ஓட்டினால் மனைவி பேசுவதும் கேட்காது, ரேடியோவும் கேட்காது.

மலிவான வழி பின் கியரை 2.73 ஆக்குவது, அதே வேகத்தில் 2,470. ஆனால் சிக்னலில் இருந்து கிளம்பும்போது மசில் காரின் குணம் போய்விடும், அதற்கு வேறு காரே வாங்கியிருக்கலாம். நான் தேர்ந்தது நான்கு கியர் ஆட்டோமேட்டிக். 1982-இல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 700ஆர்4 பெட்டியில் நான்காவது கியர் 0.70, கணக்கு 2,362 ஆர்பிஎம்முக்கு இறங்கும், கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வதால் வழுக்கலும் இல்லை. 200-4ஆர் பெட்டியில் 0.67, நீளம் பழைய டர்போ-ஹைட்ராமேட்டிக் 350 போலவே இருப்பதால் பல கார்களில் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்ட வேண்டியிருக்காது. கையால் கியர் போடுபவர்களுக்கு டிரெமெக்கின் ஐந்து கியர் பெட்டிகள் இருக்கின்றன.

இந்த இரண்டு ஆட்டோமேட்டிக்கிலும் ஒரு விஷயத்தில் கவனம் தப்பக் கூடாது. கார்பரேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகும் டிவி (திராட்டில் வால்வ்) கேபிள் ஆக்சிலரேட்டர் கேபிள் போலத் தெரியும், ஆனால் அது பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. சரியாக வைக்காமல் ஊரைச் சுற்றி வந்தால் புதிதாகக் கட்டிய பெட்டியின் கிளட்ச் தட்டுகள் கருகிவிடும். கார்பரேட்டர் கைப்பிடியின் அளவுகள் இதற்கு ஏற்றபடி இருக்க வேண்டும். அதற்கான பிராக்கெட் தனியாகக் கிடைக்கிறது. வீட்டில் செய்துபார்க்கிறேன் என்று இறங்க வேண்டாம், அழுத்தமானி மாட்டிச் சரிபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எனக்கு நெடுஞ்சாலையில் இப்போது 18 வருகிறது. போட்ட பணம் பெட்ரோலில் திரும்பி வராது என்று தெரிந்தேதான் போட்டேன், காதுக்காகப் போட்டது.

பெட்டி மாற்றியதும் ஸ்பீடோமீட்டர் பல்சக்கரத்தைப் பின் கியருக்கும் டயருக்கும் பொருந்துவதாகக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். மறுபடி 20 மைல் ஜிபிஎஸ் ஓட்டம், மறுபடி மூன்று டேங்க். தம்பியின் மஸ்டாங் ஹோஸ் மாற்றி, சோக் திறந்து, 9-லிருந்து 12-க்கு வந்திருக்கிறது. டைமிங் லைட்டை இரவல் கேட்டிருக்கிறான். பிஸ்டன் ஸ்டாப்பையும் சேர்த்துக் கொடுத்தனுப்பினேன்.